இசைப் பதிவும் காப்புப்படியும்

முன்னுரை

காவிரி பாயும் சோழநாடு நெல்லுக்கு உரியது போலவே இசைக்கும் உரியது. திருவையாறும் திருவாரூரும் தஞ்சையும் குடந்தையும் இசை வரலாற்றில் பெற்றுள்ள இடம் யாவரும் அறிந்ததே. இவ்விசையைப் பின்வருவோர்க்கு வைத்துச் செல்லும் பொறுப்பு முன்னாளில் கோயில்கட்கும் அரண்மனைகட்கும் உரியதாக இருந்தது. இன்றோ, அப்பொறுப்பின் ஒரு பகுதி தனி இல்லங்களின்பால் வந்து சேர்ந்துள்ளது. மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ வாழும் ஓர் இசையன்பர் இல்லத்தில் நூற்றுக்கணக்கான ஒலிநாடாக்கள் இருத்தல் வியப்பன்று. கோயில் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் இசைக்கப்பெற்ற நாகசுர இசை, வேறெங்கும் பதிவு பெறாதது, அந்நாடாக்களில் மட்டுமே அடங்கியிருத்தல் கூடும்.

இந்நாடாக்கள் இக்காலத்தில் கணிப்பொறிக் கோப்புகளாக மாற்றப்பெற்று, வீட்டின் ஒரு மூலையில் அமைந்த சேமிப்புக் கருவியில் வைக்கப்பெறுகின்றன. வைத்த அளவில், இனி அழிவில்லை என்று அமைதி அடைவோர் பலர். அவ்வமைதி பொருந்துமா? பொருந்தாதாயின், பொருந்தும் வழி யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடையைக் கருவிகளின் இயல்பில் மட்டும் தேடாது, இந்நாட்டு இசை காக்கப்பெற்றும் இழக்கப்பெற்றும் வந்த வரலாற்றிலும் தேடுவோம்.

1. ஏட்டறை உணர்த்தும் உண்மை

தேவார ஏடுகள் தில்லையில் கிடைத்த செய்தியைப் பதினான்காம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார் திருமுறைகண்ட புராணத்தில் உரைக்கின்றார். தில்லைக் கோயிலில் பூட்டப்பெற்ற ஓர் அறையில் ஏடுகள் இருந்தன. அரசனும் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறப்பித்தபோது அவற்றைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி, எஞ்சியவற்றை எடுத்துத் தொகுத்தனர் என்பது அந்நூல் கூறும் செய்தி. இவ்வரசன் முதல் இராசராசன் என்பது பலர் கருத்து. இராசராசனுக்கு முன்னரே கோயில்களில் திருப்பதியம் பாடப்பெற்றமையைக் கல்வெட்டுகள் காட்டுதலின், தேவாரம் முழுவதும் ஓரறையில் மட்டும் அடைபட்டுக் கிடந்தது எனக் கொள்வதற்கில்லை. எனினும், இச்செய்தியை வரலாறு எனக் கொள்ளினும் மரபுரை எனக் கொள்ளினும், அது நமக்கு உணர்த்துவன இரண்டு.

முதலாவது, பூட்டி வைத்தல் வேறு, காத்தல் வேறு என்பது. ஏடுகள் மிகுந்த மதிப்புடனேயே அறையில் வைக்கப்பெற்றன. அறையைத் திறந்து பார்ப்பார் இல்லாமையே கேட்டிற்குக் காரணமாயிற்று. இரண்டாவது, சொல் கிடைத்தும் பண் கிடைத்திலது என்பது. பதிகங்களைத் தொகுத்த பின்னர், அவற்றைப் பாடும் முறை அறியப்படாதிருந்தது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைத் திருவெருக்கத்தம்புலியூரினின்றும் அழைப்பித்து, அவர் வாயிலாகப் பண் வகுத்தனர் என்கின்றது அந்நூல். ஏட்டில் இல்லாத ஒன்று, வேறோர் ஊரில் வேறொருவர் உள்ளத்தில் இருந்தமையால் மீண்டது. இன்று நாம் காணும் ஏறத்தாழ 800 பதிகங்களும் பண்முறையில் அமைந்து விளங்குதற்கு இவ்வாறு தொலைவில் இருந்த சான்றே காரணம் என்பது மரபு.

2. நாற்பத்தெண்மரும் ஒரு திருமுற்றமும்

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்தற்கு முதல் இராசராசன் (985–1014) 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்தினான். ஆளொன்றுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் நிவந்தமாக விதிக்கப்பெற்றது. இவர்களுள் இறந்தாரும் நாடு விட்டுச் சென்றாரும் உளராயின், அவர்க்கு அடுத்த முறையினர் அந்நெல்லைப் பெற்று அப்பணி செய்ய வேண்டும். அவர் தகுதியில்லாராயின் தகுதியுடையார் ஒருவரை அமர்த்த வேண்டும் என்னும் விதியும் கல்வெட்டில் உண்டு.

இவ்வேற்பாட்டின் நுட்பம் கருதத்தக்கது. ஒருவர் மறந்த அடியை மற்றொருவர் எடுத்துக் கொடுப்பர். ஒருவர் மறைந்தால் அவ்விடத்தை மற்றொருவர் நிரப்புவர். பாடல் ஒருநாளும் நில்லாது. இடையறாமை என்னும் பயனை இவ்வமைப்பு நன்கு தருகின்றது. ஆயின், ஐம்பதின்மரும் ஒரே ஊரினர். ஒரே பண்டாரத்து நெல்லை உண்போர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரியூட்டியதை அவன் மெய்க்கீர்த்தி பேசுகின்றது. ஊர் முழுதும் கெடுங்காலத்து, ஓரிடத்தில் இருப்போர் எண்ணிக்கையால் வரும் பாதுகாப்புச் சிறிது. இடையறாமை வேறு, அழியாமை வேறு. இவ்வேறுபாட்டைப் பின்னர் வன்வட்டுகளைப் பற்றிக் கூறுமிடத்தும் காண்போம்.

3. மூன்று மாணாக்கர் மரபுகள்

ஓரிடத்து இருத்தலின் குறையை நீக்கும் வழிக்குத் திருவையாறே சான்று தருகின்றது. தியாகராசர் 1847 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர்தம் கீர்த்தனைகள் தில்லைத்தானம், உமையாள்புரம், வாலாசாபேட்டை என்னும் ஊர்களின் பெயரால் வழங்கும் மூன்று மாணாக்கர் மரபுகள் வாயிலாகவே பெரிதும் நமக்கு வந்துள்ளன. முன்னைய இரண்டும் காவிரிக் கரையைச் சார்ந்தவை. மூன்றாவது வடஆர்க்காட்டுப் பகுதியில் உள்ளது. அய்யம்பேட்டையிலிருந்து திருவையாற்றுக்கு வந்து கற்ற வேங்கடரமண பாகவதர், பின்னர் வாலாசாபேட்டையில் குடியேறினமையின் அம்மரபு அவ்வூர்ப் பெயர் பெற்றது. அவரும் அவர் வழியினரும் எழுதி வைத்த சுவடிகள் பிற்காலத்தில் மதுரைச் சௌராட்டிர சபையைச் சென்றடைந்து அங்குப் பேணப்பெற்றன.

ஒரு மரபில் இல்லாத கீர்த்தனை மற்றொரு மரபில் கிடைக்கின்றது. ஒரு மரபின் பாடாந்தரத்தை மற்றொன்றனோடு ஒப்பிட்டு நோக்கவும் இயலுகின்றது. படிகள் பல, இருக்கும் ஊர்கள் வேறு, காப்போரும் வேறு, நினைவும் எழுத்துமாகக் காக்கும் கருவியும் இருவகை. இக்காலக் கணிப்பொறியாளர் காப்புப்படிக்கு வகுத்துள்ள இலக்கணத்தின் உறுப்புகள் பலவும் இம்மரபுகளில் இயல்பாகவே அமைந்துள்ளன என்பது கருதி மகிழ்தற்குரியது.

4. ஒலித்தட்டும் ஒலிநாடாவும்

இந்தியாவில் ஒலித்தட்டுப் பதிவு 1902 இல் கல்கத்தாவில் தொடங்கிற்று. அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிட இசையையே கொண்டது. இரவு முழுதும் வீதியுலாவில் நின்று வாசிக்கும் நாகசுரக் கலைஞரின் இராக ஆலாபனை அதில் எங்ஙனம் அடங்கும்? திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இசைத்தட்டுகளில் நமக்குக் கிடைத்திருப்பது கடலிலிருந்து முகந்த ஒரு குடம் நீர் போன்றதே. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 இல் தோன்றிய பின்னர், அரை மணியும் ஒரு மணியும் நிகழும் கச்சேரிகள் மக்கள் செவியை எட்டின. ஆயினும் ஒலிபரப்பப்பெற்றன யாவும் பேணி வைக்கப்பெற்றில. நாடாவின் விலை கருதிப் பழம்பதிவை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவு செய்தல் உலகின் பல ஒலிபரப்பு நிலையங்களில் இருந்த வழக்கமாகும்.

1963 இல் அறிமுகமான கையடக்க ஒலிநாடாப் பேழை, அதாவது நாம் கேசட் என வழங்குவது, பதிவுத் தொழிலைப் பொதுமக்கள் கைக்குக் கொணர்ந்தது. கோயில் திருமுற்றத்தில் அமர்ந்து கேட்போர் தம் மடிமேல் பதிவுக் கருவியை வைத்துக்கொள்ளும் காலம் பிறந்தது. மல்லாரி, இரத்தி மேளம், ஒருமணி நேரம் விரியும் ஆலாபனை முதலியன இவ்வாறே நாடாவிற் சென்று தங்கின. ஆதலின் இவ்வில்லத் தொகுப்புகளைப் பொழுதுபோக்குப் பொருள்கள் என ஒதுக்குதல் தகாது. இவை இசை வரலாற்றின் முதன்மைச் சான்றுகள்.

நாடாவின் குறைகள் இரண்டு. காந்தப் பூச்சைத் தாங்கும் பசை ஈரத்தால் கெடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் டெல்டா வீடுகளில் நாடாக்களின்மேல் பூஞ்சணம் படர்தலைப் பலரும் கண்டிருப்பர். மேலும், நாடாவிலிருந்து நாடாவுக்குப் படி எடுக்குந்தோறும் இரைச்சல் மிகும். நான்காவது படி முதற்படியின் நிழலாகவே எஞ்சும்.

5. எண்முறைப் பதிவும் அதன் அளவும்

எண்முறைப் பதிவில் ஒலியலையின் உயரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகக் குறிக்கப்பெறுகின்றது. எண்களைப் படி எடுப்பதில் தேய்வு இல்லை. நூறாவது படியும் முதற்படியோடு முற்றும் ஒத்ததாக இருத்தல் கூடும். இது ஏட்டிற்கும் நாடாவிற்கும் வாய்க்காத சிறப்பு. ஆயின், அழிவின் இயல்பிலும் வேறுபாடு உண்டு. செல்லரித்த ஏட்டில் அரிக்கப்படாத பகுதி எஞ்சும்; பழுதுற்ற நாடாவிலும் இசை ஓரளவு கேட்கும். வன்வட்டோ, நேற்றுவரை குறையின்றி இயங்கி, இன்று ஒரு நொடியில் முழுமையும் வாய் மூடிக்கொள்ளும் இயல்பினது.

காக்க வேண்டிய பொருளின் அளவைக் கணக்கிடுவோம். குறுந்தட்டின் முறைப்படி நொடிக்கு 44,100 அளவீடுகள், அளவீடு ஒன்றுக்கு 16 இருமக் கூறுகள், இரண்டு தடங்கள் எனக் கொள்ளின், ஒருமணி நேர இசைக்கு ஏறத்தாழ 635 மெகாபைட்டு இடம் வேண்டும். ஆவணக் காப்பிற்கு இவ்வளவு போதாது எனக் கருதும் உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம், நொடிக்கு 48,000 அளவீடும் 24 இருமக் கூறும் குறைந்த எல்லையாதல் வேண்டும் எனவும், பழைய ஒப்புமைப் பதிவுகட்கு 96,000 அளவீடு சிறந்தது எனவும் பரிந்துரைக்கின்றது. குறைந்த எல்லையின்படி ஒருமணிக்கு ஏறத்தாழ 1.04 கிகாபைட்டு ஆகும். ஓர் இல்லத்தில் 90 நிமிட நாடாக்கள் 1,000 உள எனின், மொத்தம் 1,500 மணி நேரம். அளவு ஏறத்தாழ 1.56 டெராபைட்டு. இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் முறையால் இதனைப் பாதியளவு வரை குறைத்தல் இயலும். எம்பி3 முறை இதனினும் பன்மடங்கு சுருக்குமாயினும், செவிக்கு எளிதிற் புலப்படாதவற்றை நீக்கியே சுருக்குதலின், அது கேட்டு மகிழ்தற்கு ஏற்றது, மூலப்படிக்கு ஏற்றதன்று.

இடத்தின் அளவினும் உழைப்பின் அளவே பெரிது. நாடாவை ஓடவிட்டே பதிவு செய்ய வேண்டுதலின், 1,500 மணி நேர இசைக்கு 1,500 மணி நேரம் வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி என உழைப்பினும் 300 நாள்கள் ஆகும். ஒரு வன்வட்டை மீண்டும் விலைக்கு வாங்கலாம். இவ்வுழைப்பை மீண்டும் பெறுதல் அரிது. இதற்கிடையில் நாடாவும் கெட்டுவிடின், எவ்வுழைப்பாலும் அவ்விசை மீளாது.

6. இல்ல வலைச் சேமிப்பகம்

வீட்டிலுள்ள கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் ஒரே வலையில் இணைந்து பயன்கொள்ளுமாறு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வன்வட்டுகளைத் தாங்கி இரவும் பகலும் இயங்கும் சிறு பெட்டியே இல்ல வலைச் சேமிப்பகம் ஆகும். இதனை நாசு என்னும் சுருக்கப் பெயரால் வழங்குவர். கூடத்தில் இருப்பவர் ஒரு கச்சேரியையும் மாடியில் இருப்பவர் மற்றொன்றையும் ஒரே வேளையில் கேட்டற்கு இது வசதியாக அமைகின்றது.

இப்பெட்டியிலுள்ள வட்டுகளை ரெய்டு என்னும் முறையில் இணைப்பர். அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழக அறிஞர் மூவர் 1988 இல் வெளியிட்ட கட்டுரையால் இப்பெயர் நிலைபெற்றது. இரண்டு வட்டுகளில் ஒன்றையே இருமுறை எழுதுதல் ஒரு வகை. மற்றொரு வகையில், சில வட்டுகளில் பொருளையும், கூடுதலான ஒன்றன் அளவில் அவற்றின் கூட்டுக் கணக்கையும் எழுதுவர். சான்றாக, மூன்று வட்டுகளில் 4, 7, 2 என்னும் எண்கள் உள்ளன எனவும், நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 13 உள்ளது எனவும் கொள்க. இரண்டாவது வட்டு பழுதுற்றால், 13 இலிருந்து 4 ஐயும் 2 ஐயும் கழித்து, இழந்தது 7 என அறியலாம். உண்மையில் கணிப்பொறி செய்வது இருமக் கூறுகளின் கணக்கேயாயினும், கருத்து இதுவே.

இது நாற்பத்தெண்மர் ஏற்பாடு போன்றது. ஒன்று வீழ்ந்தால் மற்றவை பணியை நடத்தும், புதியது ஒன்று அவ்விடத்தில் அமர்த்தப்பெறும், இசை இடையறாது. ஆயின் வட்டுகள் யாவும் ஒரே பெட்டியில் உள்ளன. ஒரே மின்னிணைப்பை நம்பியுள்ளன. இடி மின்னல் பாய்ந்தால் எல்லாம் ஒருங்கே பாழ்படும். வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் அங்ஙனமே. ஒரு கோப்பைக் கைதவறி அழிப்பின், அழிவும் எல்லா வட்டுகளிலும் உடனே ஒழுங்காகப் பதிவாகும். 2021 சூன் திங்களில் ஒருவகை இல்லச் சேமிப்புக் கருவிகளுள் பல, இணையத்தின் வழியே புகுந்த அயலாரால் துடைத்தழிக்கப்பெற்றன. 2022 சனவரியில் டெட்போல்ட்டு என்னும் தீநிரல் பல இல்லக் கருவிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இவ்விடர்களுள் எதனையும் ரெய்டு தடுத்திலது. தடுத்தல் அதன் நோக்கமும் அன்று. எனவே, ரெய்டு முறை காப்புப்படி ஆகாது என்பது தெளிவு.

7. காப்புப்படியின் இலக்கணம்

பொருளின் படிகள் மூன்று. அவற்றைத் தாங்கும் கருவிகள் இருவகை. மூன்றனுள் ஒன்று வேற்றிடத்தில். ஒளிப்படக் கலைஞரான பீட்டர் குரோக் என்பவர் பரப்பிய இவ்விதி 3-2-1 விதி என வழங்கப்பெறுகின்றது. இதனை நம் டெல்டாவின் சூழலுக்குப் பொருத்திக் காண்போம்.

முதற்படி வலைச் சேமிப்பகத்தில் உள்ளது. இரண்டாம் படி ஒரு தனி வன்வட்டில் அமைதல் வேண்டும். படி எடுக்கும் வேளையன்றிப் பிற வேளைகளில் அதனை மின்னிணைப்பினின்றும் வலையினின்றும் பிரித்து வைத்தல் இன்றியமையாதது. இணைப்பில்லாத வட்டை மின்னல் தாக்காது, அயலார் எட்டார். மூன்றாம் படி வேற்றூரில் இருத்தல் வேண்டும்.

வேற்றூர் என்பதன் தொலைவு எவ்வளவு? அடுத்த தெருவில் வைத்தல் திருட்டிற்கும் தீக்கும் காப்பாகலாம், புயலுக்குக் காப்பாகாது. 2004 திசம்பர் 26 இல் ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையை அழித்தது. 2018 நவம்பர் 16 இல் வேதாரணியம் அருகே கரையேறிய கசாப் புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளை ஒருசேரத் தாக்கியது. பல சிற்றூர்கள் பல நாள்கள் மின்சாரமின்றி இருளில் கிடந்தன. ஆகவே மன்னார்குடி இல்லத்தின் படி பட்டுக்கோட்டையில் இருத்தல் போதாது. மதுரையிலோ கோவையிலோ உறவினர் இல்லத்தில் இருத்தல் நலம். தியாகராசர் கீர்த்தனைகளுக்கு வாலாசாபேட்டை ஆற்றிய பணி இதுவே.

இணையவழிச் சேமிப்பு நிலையத்தையும் மூன்றாம் படிக்குக் கொள்ளலாம். நொடிக்கு 20 மெகாபிட்டு ஏற்றும் இணைப்பில் 1.56 டெராபைட்டுச் செல்ல, இடையறாது ஏற்றினும் ஏழு நாள்களுக்கு மேலாகும். முதல் முறைக்கு மட்டுமே இந்நெடுங்காலம். பின்னர்ப் புதியன மட்டும் செல்லும். திங்கள்தோறும் கட்டணம் செலுத்தி வருதல் வேண்டும் என்பதையும், செலுத்துவார் மறைந்த பின்னர்க் கணக்கைத் திறக்கும் கடவுச்சொல்லைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

ஒருபடியே உடைமையின் கேடு தமிழர்க்குப் புதிதன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பெற்றபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சிட்ட நூல்களைப் பிற ஊர்களிலிருந்து தேடிப் பெறலாம். வேறெங்கும் படியில்லாத ஏட்டுச் சுவடிகள் மறைந்தவை மறைந்தவையே.

8. படி எடுத்தலும் படி ஒப்பிடலும்

ஏடு எழுதுவோர் படி எடுத்த பின்னர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் மரபு. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் (1855–1942), பல ஊர்களினின்றும் ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கியமையாலேயே 1887 இல் சீவக சிந்தாமணியைச் செம்மையாக வெளியிட இயன்றது. எண்முறைக் கோப்பிலும் பிழை புகுதல் உண்டு. வட்டில் ஒரு கூறு தானே மாறுதலும், படி இடைமுரிதலும் நிகழ்வனவே.

இதனைக் கண்டறிதற்குச் சரிபார்ப்புத் தொகை என்னும் முறை உளது. கோப்பிலுள்ள எண்கள் அனைத்தையும் ஒரு கணக்கிற்கு உட்படுத்தி, ஒரு சிறு குறியீட்டைப் பெறுவர். சா-256 என்னும் முறையில் இது 64 இலக்கங்கள் கொண்டதாக இருக்கும். ஒருமணி நேர இசைக் கோப்பில் ஒரேயொரு கூறு மாறினும் குறியீடு முற்றிலும் வேறுபடும். பதிவு செய்த அன்றே குறியீட்டை எழுதி வைத்து, ஆண்டுதோறும் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடின், எப்படி கெட்டது, எப்படி கெடாதது என்பது விளங்கும். கெட்டதை நல்லதைக் கொண்டு மாற்றலாம். இவ்வாறு தாமே ஒப்பிட்டுத் திருத்தும் கோப்பு முறைமைகளும் சில சேமிப்பகங்களில் அமைந்துள்ளன.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். படி எடுத்தாயிற்று எனக் கருதிப் பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் முன்பு இருந்தது. படி எடுக்கப்படாத ஏடுகளும் அவற்றொடு சென்றன. அஃதே போன்று, எண்முறைப்படி வந்துவிட்டது எனக் கருதி மூல நாடாக்களைப் பழைய பொருள் வாங்குவாரிடம் கொடுத்தல் கூடாது. இன்றைய கருவி கேளாத ஒலியை நாளைய கருவி கேட்பித்தல் கூடும். மேலும், இரண்டு இடங்களை எப்பொழுதும் ஒத்திசைய வைக்கும் ஏற்பாடு காப்புப்படி அன்று. ஓரிடத்தில் அழித்தது மற்றோரிடத்திலும் உடனே அழியுமாதலின், அது ஆற்றில் விடும் வேலையை மேலும் விரைவாகச் செய்வதேயாகும். முந்தைய நாள்களின் நிலைகளையும் தனித்தனியே நிறுத்தி வைக்கும் முறையே வேண்டற்பாலது.

9. குறிப்பேடு

தேவாரத்திற் சொல் கிடைத்துப் பண் கிடையாதிருந்த நிலையை மேலே கண்டோம். இல்லத் தொகுப்பில் இதற்கு மறுதலையான நிலை நேர்கின்றது. இசை கிடைக்கும், இசைத்தவர் யார் என்பது கிடையாது. பேழையின்மேல் ஒட்டிய தாள் உதிர்ந்தபின், கோப்பின் பெயர் வெறும் எண்ணாக நிற்கும். வாசித்தவர், தவில் வாசித்தவர், கோயில், திருவிழா, நாள், இராகம், உருப்படி, பதிவு செய்த கருவி, பதிவு செய்தவர் ஆகியன ஒவ்வொரு பதிவிற்கும் குறிக்கப்பெறுதல் வேண்டும். நாடாவின் உறையையும் ஒளிப்படம் எடுத்துக் கோப்போடு சேர்த்தல் நலம்.

இக்குறிப்பைக் கோப்பினுள்ளும் எழுதலாம், தனிப்பட்டியலாகவும் வைக்கலாம். இரண்டும் செய்தலே நன்று. பட்டியலை ஒரு குறிப்பிட்ட நிரலால் மட்டுமே திறக்கக்கூடிய வடிவில் வையாது, எளிய எழுத்துக் கோப்பாகவும் அச்சிட்ட தாளாகவும் வைத்தல் வேண்டும். குரலைக் கேட்ட அளவில் இன்னார் எனக் கூறவல்ல முதியோர் உள்ளபோதே இவ்வேலை முடிதல் வேண்டும். எருக்கத்தம்புலியூருக்கு ஆள் அனுப்பினால் விடை கிடைக்கும் என்னும் நிலை எக்காலத்தும் நீடிக்கும் என நம்புதற்கில்லை.

10. மீட்டுப் பார்த்தல்

டெல்டா உழவர் உண்ணும் நெல்லையும் விதைநெல்லையும் ஒரே பத்தாயத்தில் கலந்து வைப்பதில்லை. விதைநெல்லைத் தனியே உலர்த்தி, தனியே கட்டி வைப்பர். அவ்வளவில் நில்லாது, நாற்றங்காலில் விதைக்கும் முன் ஒரு பிடி நெல்லை நனைத்து முளைகட்டிப் பார்ப்பர். முளைக்காத விதை எத்துணைக் கோட்டை இருப்பினும் பயனில்லை என்பது அவர் அறிந்ததே.

காப்புப்படிக்கும் இவ்வாய்வு வேண்டும். ஆண்டிற்கு ஒருமுறையேனும் வேற்றூர்ப் படியிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணிப்பொறியில் மீட்டெடுத்து, தொடக்கம் முதல் இறுதி வரை கேட்டுப் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பார்க்கப்படாத படி, திறந்து பார்க்கப்படாத தில்லை ஏட்டறையை ஒக்கும். வன்வட்டுகளுக்கு உற்பத்தியாளர் தரும் பொறுப்புறுதி பெரும்பாலும் 2 முதல் 5 ஆண்டுகளேயாதலின், அக்கால எல்லையை ஒட்டிப் புதிய வட்டுகளுக்குப் பொருளை மாற்றி வருதலும் முறையாகும். ஏடுகளுக்குச் சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை செய்யப்பெற்ற பணியை வட்டுகளுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டியுள்ளது. கருவி வளர்ந்தமையால் காப்போர் கடமை குறைந்திலது, மிகுந்ததேயாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சேமித்தலும் காத்தலும் ஒன்றல்ல என்பது பெறப்படும். ஒரு பெட்டியினுள் எத்துணை வட்டுகள் இருப்பினும் அவை இடையறாமைக்கே உதவும். அழியாமைக்கு வேற்றிடத்துப் படியும், ஒப்பிட்டு நோக்கலும், குறிப்பேடும், மீட்டுப் பார்த்தலும் வேண்டும். இவற்றுக்கு ஆகும் பொருட்செலவு இரண்டு மூன்று வன்வட்டுகளின் விலையே. அரிதாக வேண்டப்படுவது இடைவிடாத கருத்து.

இல்லத் தொகுப்பு உடையவர், தம் காலத்திற்குப் பின் அதனைப் பேணுவார் யார் என்பதையும் இன்றே எழுதி வைத்தல் வேண்டும். நாற்பத்தெண்மருள் ஒருவர் மறைந்தால் அவ்விடத்தில் அமர்வார் யார் என்பதைக் கல்லிலே வெட்டுவித்த தஞ்சையில் வாழ்வோர்க்கு இதனை மிகுத்துக் கூற வேண்டுவதில்லை. பல்கலைக்கழகங்களும் இசைக் கல்லூரிகளும் இல்லத் தொகுப்புகளின் பட்டியலைத் திரட்டி, கலைஞர் குடும்பத்தாரின் இசைவு பெற்று, வேற்றிடத்துப் படி ஒன்றைத் தாமே ஏற்குமாயின், திருவிழா இரவுகளில் எழுந்து காற்றோடு கலந்த அவ்விசை வருங்கால ஆராய்ச்சியாளர்க்கும் கிடைக்கும். நாடாக்கள் இன்னும் ஒலிக்கின்றன. அடையாளம் கூறவல்ல முதியோரும் நம்மிடையே உள்ளனர். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த காலம் இதுவே.